நோர்வேயில் நாலு பருவத்துக்கும் மலைச்சாமான்: முதலில் எதை வாங்குவது?

கேள்வி, 5 ஒக்டோபர் 2024

ஒஸ்லோவுக்கு வந்து இரண்டு வருடமாகிறது. மனைவி, 9 வயது மகள், 6 வயது மகன். போன இரண்டு குளிர்காலமும் வீட்டுக்குள்ளேயே கழிந்துவிட்டன. இந்த முறை பிள்ளைகளோடு ஸ்கீ ஓட வேண்டும், கோடையில் கூடாரம் போட வேண்டும், முடிந்தால் ஈஸ்டருக்கு மலைக்குப் போக வேண்டும். கடையில் ஒரு ஜக்கெற் பார்த்தேன், 6,000 குரோனர். மழை, காற்று, பனி எதுவும் உள்ளே வராதாம். அப்படி நல்லதாக ஒன்று வாங்கிவிட்டால் வருடம் முழுக்கச் சமாளிக்கலாம் என்று நினைக்கிறேன். சரிதானே?

6 ஒக்டோபர் 2024

சரியில்லை, தம்பி. அந்தக் காசை இப்போதைக்குப் பொக்கற்றிலேயே வைத்திருங்கள். மலையில் ஆளை விழுத்துவது பெரும்பாலும் வெளிக்குளிர் இல்லை, உள்ளே ஊறும் ஈரம். மேட்டில் ஏறும்போது உடம்பு அடுப்பு மாதிரி எரியும், வியர்க்கும். நின்றதும் அடுப்பு அணைந்துவிடும், வியர்வை மட்டும் மிஞ்சும். அந்த நேரத்தில் தோலோடு ஒட்டியிருக்கும் துணி எது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

நான் இதைப் பட்டுத்தான் படித்தேன். 1991 ஜனவரி. வட நோர்வேயில், ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் மூன்று வருடம் நின்றுவிட்டு ஒஸ்லோவுக்கு வந்த புதிது. நாலு பெடியள் ஸ்கீயை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, ரயிலில் ஃப்ரொக்னர்சேத்தரன் வரை போய், அங்கிருந்து காட்டுக்குள் இறங்கினோம். பருத்திப் பனியன், மேலே பருத்திச் சேர்ட், அதற்கு மேலே கடையில் இருந்ததிலேயே தடித்த ஜக்கெற். பாகை மைனஸ் 12. ஒரு மணித்தியாலத்துக்குள் முதுகு முழுக்க நனைந்துவிட்டது. உல்லெவோல்சேத்தர் விடுதியில் உள்ளே இடமில்லை என்று வெளி வாங்கில் குந்தினோம். பத்து நிமிடத்தில் எனக்குப் பல் கிட்டத் தொடங்கியது. பக்கத்து வாங்கில் இருந்த வயதான நோர்வே அம்மா ஒருவர் எழும்பி வந்து, என் கழுத்துக்குள் விரலை விட்டுத் துணியைத் தொட்டுப் பார்த்து, "பொமுல்" என்றார். பருத்தி என்று அர்த்தம். தன் பையிலிருந்து கம்பளி உள்ளுடுப்பு ஒன்றை எடுத்துத் தந்து, என் ஜக்கெற்றையே திரையாகப் பிடித்துக்கொண்டு, "மாற்று" என்றார். கழற்றிய பனியனை வாங்கில் வைத்தேன். கம்பளியை மாட்டி முடிக்க முதலே பனியனின் கழுத்துப் பட்டி காய்ந்த கமுகம் பாளை மாதிரி விறைத்துவிட்டது.

அந்த உடுப்பைத் திருப்பிக் கொடுக்க முகவரி கேட்டேன். அவர் தரவில்லை.

இங்கே "உல் ஆர் குல்" என்று ஒரு சொல் உண்டு. கம்பளிதான் தங்கம். நனைந்தாலும் சூட்டை முழுதாக விட்டுவிடாது, இரண்டு நாள் போட்டாலும் நாறாது. முதல் செலவு இதற்குத்தான்: நாலு பேருக்கும் தலா இரண்டு சோடி மெரினோ கம்பளி உள்ளுடுப்பு, மேலும் கீழும். கம்பளிக் காலுறை. அதன் மேல் ஒரு கம்பளிச் சுவெற்றர். எல்லாவற்றுக்கும் மேலே காற்றை மறிக்கும் மெல்லிய ஜக்கெற், இப்போது வீட்டில் இருப்பதே போதும். ஏறத் தொடங்கும்போது உடம்பு கொஞ்சம் குளிர வேண்டும். குளிரவில்லை என்றால் ஒன்றைக் கழற்றுங்கள். நின்றவுடன், குளிர் தட்டும்வரை காத்திராமல், தடித்ததை எடுத்துப் போடுங்கள்.

9 ஒக்டோபர் 2024

பிள்ளைகளுக்கு ஸ்கீ வாங்காதீர்கள். பூவா என்று ஓர் இரவல் நிலையம் இருக்கிறது, நாடு முழுக்கக் கிளைகள். ஸ்கீ, சப்பாத்து, தடி, பனிச்சறுக்கு ஹெல்மெற், கூடாரம் எல்லாம் இலவசமாக இரவல் தருவார்கள், வழக்கமாக ஒரு கிழமைக்கு. பிறகு இலையுதிர் காலத்தில் பள்ளிக்கூட வாத்தியக் குழுக்கள் பழைய சாமான் சந்தை போடும். என் மகளுக்கு எட்டு வயதில் வாங்கிய ஸ்கீயை அங்கே விற்று, அதே காசுக்கு அடுத்த அளவு எடுத்தோம். அப்படி நாலு வருடம் ஓடியது.

20 ஒக்டோபர் 2024

"ஸ்கீ என்று போனால் கடையில் இருபது வகை நிற்கிறது" என்று எழுதியிருந்தீர்கள். உங்களுக்கு வேண்டியது ஒரு வகைதான், ஆனாலும் மற்றதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒஸ்லோவின் நூர்மார்க்கா காட்டில் இயந்திரம் தடம் போட்டு வைத்திருக்கும். அதில் ஓட மெல்லிய, எடை குறைந்த ஸ்கீ. தடம் இல்லாத மலையில் நடக்க ஃபியெல்ஸ்கீ, அதாவது அகலமான, ஓரத்தில் உருக்குக் கரை வைத்த மலை ஸ்கீ. காற்று அடித்து இறுகிய பனியில் அந்தக் கரை இல்லாவிட்டால் கால் கண்ணாடியில் நிற்பது போல வழுக்கும். மூன்றாவது, செங்குத்தாக ஏறி இறங்குகிறவர்களின் கனத்த ஸ்கீ. அதைப் பற்றிப் பிறகு, தனியாக.

இந்த வருடம் முதலாவது வகை. அதிலும் மெழுகு பூசுவதா, நடுவில் ஆட்டுமயிர்ப் பட்டை ஒட்டியதா? மெழுகு நல்ல கலை. மைனஸ் 1 முதல் 7 வரை நீலம், இன்னும் குளிர்ந்தால் பச்சை, பூச்சியத்தை ஒட்டினால் ஊதா, சிவப்பு. பழைய பனி உருகி மறுபடி உறைந்திருந்தால் கிளிஸ்டர் என்று ரியூப்பில் வரும் பசை. பலாப்பழப் பால் மாதிரி, கையில் பட்டால் காற்சட்டையில் படும், பிறகு கதிரையில் படும். குளிர் நிலைத்து நிற்கும் நாளில் சரியாக மெழுகு போட்ட ஸ்கீக்கு ஈடு இல்லை. ஆனால் ஒஸ்லோவில் காலையில் மைனஸ் 4, மத்தியானம் பிளஸ் 1 என்று ஒரே நாளில் மாறும். இரண்டு பிள்ளைகளுக்கும் மனைவிக்கும் உங்களுக்கும் எட்டு ஸ்கீக்கு மெழுகு பூசி முடிக்கப் பொழுது போய்விடும். பட்டை ஒட்டியதை எடுங்கள்.

நீளம் உங்கள் உயரத்தோடு 20 சென்றிமீற்றர் கூட்டிப் பாருங்கள்.

22 ஒக்டோபர் 2024

மேலே எழுதியதில் ஒன்றைத் திருத்த வேண்டும். உயரத்தை மட்டும் சொல்லிவிட்டு எடையை விட்டுவிட்டேன். இந்த ஸ்கீ நடுவில் வில் போல வளைந்திருக்கும். சறுக்கும்போது அந்த வளைவு தரையில் படக்கூடாது, ஒரு காலில் முழுப் பாரத்தையும் வைத்து உதைக்கும்போது பட வேண்டும். அதைத் தீர்மானிப்பது உங்கள் எடை. கடையில் இரண்டு ஸ்கீயிலும் சமமாக ஏறி நின்று, நடுவில் ஒரு கடதாசியை விட்டு இழுக்கச் சொல்லுங்கள். இலேசாக வர வேண்டும். ஒரு காலில் நிற்கும்போது கடதாசி சிக்க வேண்டும். இரண்டிலும் இழுபட்டால் ஸ்கீ உங்களுக்கு விறைப்பு, மேட்டில் பின்னுக்கு வழுக்கிக்கொண்டே இருப்பீர்கள். இரண்டிலும் சிக்கினால் பட்டை பனியில் தேய்ந்துகொண்டே வரும்.

பிள்ளைகளுக்கு 20 வேண்டாம், 10 முதல் 15 போதும். நீளமான ஸ்கீயோடு விழுந்த ஆறு வயதுப் பிள்ளை தானாக எழும்பாது.

24 நவம்பர் 2024

காலும் கையும்.

"காலுக்கு இரண்டு சோடி தடித்த காலுறை போட்டும் விரல் விறைக்கிறது" என்று ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். இரண்டு சோடி போட்டதால்தான் விறைக்கிறது, தங்கச்சி. சப்பாத்துக்குள் கால் இறுகினால் இரத்தம் ஓடாது, இரத்தம் ஓடாவிட்டால் எந்தக் கம்பளியும் உதவாது. ஒரு சோடி நல்ல காலுறை, விரலை மடக்கி நீட்ட இடம் விட்ட சப்பாத்து. குளிர்காலச் சப்பாத்தை ஓர் அளவு பெரிதாக எடுங்கள். விரல் நுனி வெள்ளையாகி உணர்ச்சி போனால் தேய்க்கக் கூடாது, பனியால் உரசவே கூடாது. கூட வந்தவரின் வயிற்றிலோ கக்கத்திலோ வைத்துச் சூடாக்குங்கள். கூச்சப்பட நேரமில்லை.

கைக்கு, ஐந்து விரலும் தனித்தனியாக உள்ள கையுறையை விட "வொத்" என்கிற, நாலு விரலும் ஒரே அறையில் இருக்கும் கையுறை நல்லது. உள்ளே கம்பளி வொத், வெளியே காற்று மறிக்கும் உறை.

இந்த இடத்தில் ஃபின்மார்க் ஞாபகம் வருகிறது. தொழிற்சாலையில் எங்களுக்கு இறப்பர்க் கையுறை தந்தார்கள். துறையில் படகுக்காரக் கிழவர்கள் சிலர் தடித்த கம்பளி வொத் போட்டிருப்பார்கள், தேவைக்கு இரண்டு மடங்கு பெரிதாகப் பின்னியது. கடல்தண்ணியிலும் மீன்கசிவிலும் நனைந்து, நாள்பட நாள்படச் சுருங்கி, கம்பளி திரண்டு பலகை மாதிரி ஆகிவிடும். அவர்கள் அதைக் கடலில் தோய்த்துப் பிழிந்துவிட்டுப் போடுவதைப் பார்த்து நாங்கள் வாயைப் பிளந்தோம். ஈரக் கம்பளிக்குள் கை சுடச்சுட இருக்கும் என்றார்கள். போட்டுப் பார்த்தேன். இருந்தது. மூன்று வருடம் அதைக் கண்ணால் பார்த்த நான், ஒஸ்லோ வந்து பருத்திப் பனியனோடு காட்டுக்குள் போயிருக்கிறேன். கைக்குத் தெரிந்தது முதுகுக்கும் பொருந்தும் என்று அப்போது தோன்றவில்லை.

கூடாரத்துக்கு அடுப்பு கேட்டவருக்கு: சின்னக் காஸ் அடுப்பு போதும். திருகினால் எரியும். வருடம் முழுக்க அதுதான் என் அடுப்பு.

15 டிசம்பர் 2024

ஒஸ்லோவில் இப்போது மூன்றேகாலுக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடுகிறது. மத்தியானத்துக்குப் பிறகு கிளம்புகிறவர்கள் தலைவிளக்கு இல்லாமல் போகாதீர்கள். ஆளுக்கு ஒன்று, பிள்ளைகளுக்கும். விளக்கையும் கைபேசியையும் உள் பொக்கற்றில், உடம்புச் சூட்டில் வையுங்கள். குளிரில் பற்றரி 40 சதவீதம் காட்டிக்கொண்டே செத்துப்போகும்.

12 ஜனவரி 2025

நேற்று நடந்ததை எழுதுகிறேன், ஏனென்றால் இது நான் ஒக்டோபரில் சொல்ல மறந்த சாமான்.

மரவரிசைக்கு மேலே, திறந்த வெளி. யிர் என்ற வானிலைத் தளம் மைனஸ் 10 என்றது, காற்று விநாடிக்கு 10 மீற்றர். அந்தக் காற்றில் வெறும் முகத்துக்கு அது மைனஸ் 20. மருமகனின் ஸ்கீப் பிணைப்பில் பனி இறுகிச் சப்பாத்து கழன்றுவிட்டது. கத்தி நுனியால் சுரண்டி மறுபடி பூட்ட வேண்டும், அதற்குக் கையுறையைக் கழற்ற வேண்டும், கழற்றினால் ஒரு நிமிடத்தில் விரல் கேட்காது. என் பையின் அடியில் வின்ட்சேக் இருந்தது. பெரிய சாக்கு மாதிரி, மெல்லிய துணியில் தைத்த காற்றுப்பை, நாலு பேர் அளவு. தலைக்கு மேலால் இழுத்துப் போட்டு, விளிம்பைக் காலுக்குக் கீழே மிதித்து, முதுகுப்பை மேல் எதிரெதிரே குந்தினோம். காற்றின் இரைச்சல் அப்படியே தணிந்தது. சிவப்புத் துணி ஊடாக வந்த வெளிச்சத்தில் எல்லார் முகமும் செம்பருத்தி நிறம். ஐந்து நிமிடத்தில் மூச்சுச் சூடு நிரம்பிக் கண்ணாடி மங்கியது. வெறுங்கையால் பிணைப்பைச் சரிசெய்தோம். பிளாஸ்க்கிலிருந்து சுக்குக் கோப்பி குடித்தோம். 25 நிமிடம் கழித்து வெளியே வந்தபோது திரும்பி இறங்கத் தெம்பு இருந்தது.

அரைக் கிலோவை ஒட்டிய எடை. அந்த 6,000 குரோனர் ஜக்கெற்றின் விலையில் பலமடங்கு குறைவு. ஒஸ்லோக் காட்டை விட்டு மேலே போகிறவர்கள் கம்பளிக்கு அடுத்ததாக இதை வாங்குங்கள். போன வாரம் யாரோ "ஒரு நாள் பயணத்துக்கு எதற்கு" என்று எழுதியிருந்தார். நாங்கள் போனதும் ஒரு நாள் பயணம்தான்.

13 ஜனவரி 2025

சாப்பாடு கேட்கிறார்கள். நோர்வேக்காரர் தோடம்பழமும் க்விக் லுன்ஷ் சொக்லேற்றும் கொண்டு போவார்கள். தோடம்பழம் மைனஸ் 10இல் கல். வீட்டில் உரித்து, சுளையைப் பெட்டியில் போட்டு, உள் பொக்கற்றில் வையுங்கள். நாங்கள் எள்ளுப்பாகு கொண்டு போகிறோம். எண்ணெய்ப் பசை இருப்பதால் குளிரிலும் பல் இறங்குகிறது, கையுறையோடு எடுத்து வாயில் போடலாம். புட்டு வேண்டாம். பிளாஸ்க்கில் மிளகு ரசம் கொண்டுவந்த ஒருவரை எனக்குத் தெரியும். அவரோடு மலைக்குப் போக எங்கள் கூட்டத்தில் போட்டி.

16 பெப்ரவரி 2025

நவம்பரில் காஸ் அடுப்பைப் பற்றி எழுதியதை அழித்துவிட்டு இதை வாசியுங்கள். அது கோடைக்கு மட்டும் சரி. குளிர்காலத்தில் நான் இதுவரை மலைக்குடில்களில்தான் தங்கியிருக்கிறேன். கூடாரத்தில் படுத்தது போன கிழமைதான் முதல் தடவை, மகள் பிடிவாதமாகக் கூட்டிப் போனாள். தெரியாத பருவத்துக்கும் சேர்த்து "வருடம் முழுக்க" என்று நான் எழுதியிருக்கக் கூடாது.

இரவு மைனஸ் 18. அடுப்பைத் திருகினேன். முதலில் நன்றாக எரிந்தது. பத்து நிமிடத்தில் சுவாலை சுருங்கிச் சுருங்கி நீலக் குன்றிமணி அளவில் வந்து நின்றது. சட்டியில் பாதி தண்ணி, பாதி பனி. சிலிண்டரைக் குலுக்கினால் உள்ளே திரவம் சளசளக்கிறது, ஆனால் வெளியே வரவில்லை. காரணத்தை மகள் சொன்னாள். சிலிண்டருக்குள் இருப்பது கலவை. சாதாரண பியூற்றேன் மைனஸ் 0.5 பாகையில்தான் ஆவியாகிறது, ஐசோபியூற்றேன் மைனஸ் 12 அளவில், புறொப்பேன் மைனஸ் 42இல். குளிரில் புறொப்பேன் முதலில் எரிந்து தீர்ந்துவிடும், மற்றது அடியில் திரவமாகவே கிடக்கும். சிலிண்டரை ஜக்கெற்றுக்குள் வைத்துச் சூடாக்கி எப்படியோ ஒரு லீற்றர் உருக்கினோம். குளிர்காலத்தில் தண்ணி என்றாலே பனியை உருக்குவதுதான். ஆளுக்கு நாளைக்கு மூன்று லீற்றராவது வேண்டும். உருக்கும்போது சட்டியின் அடியில் கொஞ்சம் தண்ணி விட்டுத் தொடங்குங்கள், வெறும் பனியை வைத்தால் அடிப்பிடித்த வாடை வரும்.

மகளின் பையில் வெள்ளைப் பெற்றோலில் எரியும் பம்ப் அடுப்பு இருந்தது. நான் என்ன செய்கிறேன் என்று பார்க்கத்தான் அதுவரை எடுக்கவில்லையாம். இருபது முறை பம்ப் அடித்து, குழாயைச் சூடாக்கிப் பற்றவைத்ததும் அந்த இரைச்சல் வந்தது. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. எங்கள் வீட்டுக் குசினியில் அம்மா விடியக் காலமை பம்ப் அடிக்கிற மண்ணெண்ணெய் அடுப்பின் இரைச்சல் அது. அதே இனம்தான். 1892இல் சுவீடனில் பிறந்த பிறைமஸ். 1895இல் நான்சன் வடதுருவம் நோக்கிப் பனிமேல் நடந்தபோது கொண்டு போனதும், அமுண்ட்சன் தென்துருவத்துக்குக் கொண்டு போனதும் அந்த வகை அடுப்புத்தான். அம்மாவுக்குத் தெரிந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

ஒரு எச்சரிக்கை, இதில் விட்டுக்கொடுப்பு இல்லை. கூடாரத்தின் வெளி அறையில், கதவைத் திறந்து வைத்துத்தான் அடுப்பு மூட்ட வேண்டும். எரியும் அடுப்பின் கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, நிறமில்லை. தூக்கம் வருவது போலத்தான் இருக்கும்.

17 பெப்ரவரி 2025

அந்த இரவின் மிச்சம்.

தூக்கப் பையில் மூன்று பாகை எழுதியிருக்கும். ஐஎஸ்ஓ 23537 என்ற அளவுகோல்படி சோதித்தது. முதலாவது, நிம்மதியாகத் தூங்கும் பாகை, சராசரிப் பெண்ணை வைத்துக் கணித்தது. இரண்டாவது, சுருண்டு படுத்துத் தாக்குப்பிடிக்கும் எல்லை, சராசரி ஆணை வைத்து. மூன்றாவது, ஆறு மணித்தியாலம் உயிரோடு இருப்பதற்கான பாகை. சில கடைகளில் மூன்றாவதைப் பெரிய எழுத்தில் போட்டு விற்பார்கள். முதலாவதை மட்டும் பாருங்கள், ஆணோ பெண்ணோ. நம்மில் குளிருக்குச் சுருங்குகிறவர்கள் அதிலும் இன்னும் ஐந்து பாகை கூடுதலான குளிரைத் தாங்குவதாக எடுங்கள்.

அதைவிட முக்கியம் பாய். பையின் அடிப்பக்கத்தில் அடைத்த தூவி, அதாவது மெல்லிறகு, உங்கள் பாரத்தில் நசுங்கித் தட்டையாகிவிடும், அந்தப் பக்கம் குளிரை மறிப்பது பாய்தான். ஆர் மதிப்பு என்று ஓர் எண் இருக்கும், கூடினால் நல்லது, ஒன்றின் மேல் ஒன்று போட்டால் எண்ணும் கூடும். கோடைக்கு 2 போதும். பனியில் 5க்குக் கீழே இறங்காதீர்கள். அடியில் மடிப்புப் பாய் 2, மேலே காற்றடைத்த பாய் 4, மொத்தம் 6. காற்றுப் பாய் நடுச்சாமத்தில் ஓட்டையானாலும் அடிப்பாய் மிஞ்சும்.

கூடாரம் சுரங்க வடிவம். கோடை முளை பனியில் நிற்காது. ஸ்கீயையும் தடியையும் குத்திக் கயிறு கட்டுங்கள், மிச்சத்துக்குத் துணிப்பையில் பனி நிரப்பிப் புதையுங்கள். வெளி அறையில் முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டினால் குளிர்காற்று அதற்குள் இறங்கி நிற்கும், நீங்கள் காலைத் தொங்கவிட்டு வாங்கில் இருப்பது போல இருந்து சமைக்கலாம். இந்தக் குழி வேலையை நான் மிகவும் ரசித்தேன்.

தூவிப் பைக்கு ஈரம் நஞ்சு. மூச்சை பைக்குள் விடாதீர்கள். 1896 ஜனவரியில் அமுண்ட்சனும் அவர் அண்ணனும் ஹர்டாங்கர்விட்டாவைக் குறுக்கே கடக்கப் போய், நனைந்த தூக்கப் பையோடு பனிக்குள் குழி தோண்டிப் படுத்தார்கள். விடிந்தபோது அமுண்ட்சனைச் சுற்றி எல்லாம் உறைந்து, கை கால் அசைக்க முடியவில்லை. அண்ணன்தான் வெட்டி வெளியே எடுத்தார். பின்னாளில் தென்துருவத்தை முதலில் தொட்ட மனிதர் அவர்.

9 மார்ச் 2025

பனிச்சரிவுப் பகுதிக்குப் போகும் மூன்றாவது வகை ஸ்கீ. "என்ன சாமான் வாங்க வேண்டும்" என்று ஒரு பெடியன் கேட்டிருக்கிறார், வட நோர்வேயின் லிங்கன் மலைகளுக்குப் போகிறாராம்.

பனியில் புதைந்தவரை வானொலி அலையால் கண்டுபிடிக்கும் தேடு கருவி, நீளக் குத்துக்கம்பி, மண்வெட்டி. மூன்றும் ஆளுக்கு ஒன்று. கருவி 457 கிலோஹேர்ட்ஸில் பேசும், எந்தக் கொம்பனி வாங்கினாலும் ஒன்றையொன்று கேட்கும். கைபேசியைக் கருவியிலிருந்து 20 சென்றிமீற்றராவது தள்ளி வையுங்கள், தேடும்போது 50. ஆனால் தம்பி, இந்த மூன்றும் உங்களைக் காப்பாற்றுவதற்கு இல்லை. புதைந்த உங்கள் நண்பனை நீங்கள் எடுப்பதற்கு. கையில் இருப்பது பத்துப் பதினைந்து நிமிடம், அதற்குள் கண்டுபிடித்து, ஒரு மீற்றர் இறுகிய பனியை வெட்ட வேண்டும். மகள் துரொம்சோவில் இரண்டு நாள் வகுப்பு எடுத்துவிட்டு வந்து, எங்கள் வீட்டுப் பின்புறம் கருவியைப் புதைத்து என்னைத் தேடச் சொன்னாள். பதினெட்டு நிமிடம் எடுத்தது. அன்றிலிருந்து நான் 30 பாகைக்கு மேல் சரிந்த பனிச்சரிவிலும் அதற்குக் கீழேயும் போவதில்லை. வகுப்பு எடுங்கள். வர்சொம் தளத்தில் அன்றன்றைய சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். பிறகு கடைக்குப் போகலாம்.

22 ஏப்ரல் 2025

ஈஸ்டர் முடிந்து திரும்பினோம். கேள்வி கேட்ட தம்பியின் குடும்பமும் கூட வந்தது. ஃபின்சே, 1,222 மீற்றர் உயரம், தெரு கிடையாது, பேர்கன் ரயிலில்தான் போகலாம். ஷாக்கிள்டன் 1914இல் தென்துருவப் பயணத்துக்கு முன்பு தன் சாமான்களைச் சோதித்த இடம். பிளாட்போமில் இறங்கியதும் காற்று முகத்தில் அறைவதைப் பார்த்தால் ஏன் என்று விளங்கும்.

மலைச்சங்கமான டிஎன்டி ஈஸ்டருக்காகப் பாதை நெடுகப் பேர்ச் மரக் கிளைகளைக் குத்தி வைத்திருந்தது. இரண்டாம் நாள் கிளம்பி ஒரு மணித்தியாலம் போயிருப்போம். முதலில் பத்துக் கிளை தெரிந்தது, பிறகு நாலு, பிறகு இரண்டு. தம்பியின் மகன் பேசுவதை நிறுத்திவிட்டான், அதை நான் கவனிக்க முதலே அவன் அக்கா கவனித்தாள். திரும்பினோம். மலைவிதிகள் என்று ஒன்பது இருக்கின்றன, 1952இல் எழுதப்பட்டவை. 1967 ஈஸ்டரில் 18 பேர் இறந்த பிறகுதான் நாடு முழுக்கப் பரவின. எட்டாவது விதி: நேரத்தோடு திரும்பு, திரும்புவதில் வெட்கமில்லை. 2,000 குரோனர் ரயில் காசு, மூன்று மாத ஆயத்தம் எல்லாம் அந்த நேரம் மனதில் வரத்தான் செய்தது.

விடுதிக்கு வந்து மகனின் உடுப்பை மாற்றினோம். மேலுடுப்பு முழுக்கப் பனி, சுவெற்றர் ஈரம், ஆனால் தோலோடு இருந்த கம்பளி சூடாக இருந்தது. தம்பி அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு கன நேரம் நின்றார்.

அங்கே இன்னொன்றும் நடந்தது. ஒரு மலேசிய மாணவி, பருத்தி ஹூடியோடு, உதடு நீலமாக உள்ளே வந்தார். என் பையில் மாற்றுக்கு இருந்தது 1991இல் கிடைத்த அந்தக் கம்பளிதான். முழங்கையில் இரண்டு இடத்தில் என் மனைவி தைத்தது. கொடுத்தேன். முகவரி கேட்டார்.

29 ஜூன் 2025

பேர்கனிலிருந்து ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார்: "ஜக்கெற் கடைசி என்கிறீர்களே, நீங்கள் இங்கே ஒரு கிழமை இருந்து பாருங்கள்." நியாயம். ஒக்டோபரில் நான் ஒஸ்லோவில் இருந்துகொண்டு ஒஸ்லோவுக்காக எழுதினேன். பேர்கனில் வருடத்துக்கு 2,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை. பாகை 4, நாள் முழுக்க மழை, காற்று என்பது மைனஸ் 10 வெயிலை விடக் கொடியது. அங்கே கம்பளியும் மழை ஜக்கெற்றும் ஒரே நாளில் வாங்க வேண்டியவை. ஆனால் உள்ளே பருத்தி இருந்தால் எந்த ஜக்கெற்றாலும் பலனில்லை என்பதை அங்கேயும் மாற்றமாட்டேன்.

உங்கள் பழைய ஜக்கெற் தண்ணியை உறிஞ்சுகிறதென்றால் புதிது வாங்க முதல் துவைத்துப் பாருங்கள். அழுக்கும் உடம்பெண்ணெயும் ஏறினால் துணி நனையும். அதற்கென உள்ள சவர்க்காரத் திரவத்தில் துவைத்து, லேபல் அனுமதித்தால் உலர்த்தியில் மிதமான சூட்டில் போடுங்கள். நான் எறிய வைத்திருந்த ஒன்று அப்படிப் பிழைத்து, மூன்றாவது கோடையாக ஓடுகிறது.

கூடாரம் எங்கே போடலாம் என்பதற்கு 1957ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பயிரிடாத திறந்த வெளியில் யாரும் போடலாம், ஆட்கள் இருக்கும் வீட்டிலிருந்து 150 மீற்றர் தள்ளி, ஓரிடத்தில் இரண்டு இரவு வரை. அதற்கு மேல் நிலத்துக்காரரைக் கேளுங்கள். ஏப்ரல் 15 முதல் செப்டெம்பர் 15 வரை காட்டிலும் காட்டை ஒட்டியும் நெருப்பு மூட்டக் கூடாது. சதுப்பில் நடக்க, விலை உயர்ந்த மலைச் சப்பாத்தை விட இறப்பர்ப் பூட்ஸ் நல்லது. நுளம்புக்கு மெல்லிய, நீளக்கை, வெளிர்நிறச் சேர்ட்.

இந்தக் கோடையில் காஸ் அடுப்பு அருமையாக எரிகிறது.

14 செப்டெம்பர் 2025

தம்பி எழுதியிருக்கிறார், அந்த ஜக்கெற் பாதி விலைக்கு வந்திருக்கிறதாம், இப்போது வாங்கலாமா என்று. வாங்குங்கள். ஆனால் கடைக்குக் கம்பளிச் சுவெற்றரோடு போய், அதற்கு மேலே போட்டுப் பாருங்கள். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கும்போது இடுப்பு தெரியக் கூடாது. கக்கத்தின் கீழே திறக்கும் சிப் இருக்க வேண்டும், வியர்வை போக. தலைமூடியைப் போட்டுக்கொண்டு தலையைத் திருப்புங்கள். மூடியும் கூடத் திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் பக்கவாட்டில் வருவது தெரியாது.

மகனின் வொத் இரண்டு முறை தொலைந்தது என்றும் எழுதியிருந்தீர்கள். ஒரு கயிற்றின் இரண்டு நுனியிலும் ஒவ்வொன்றைத் தைத்து, ஜக்கெற்றின் கைகளுக்குள்ளால் கோத்துவிடுங்கள். இரண்டு கையையும் நீட்டி, ஒரு மணிக்கட்டிலிருந்து மற்ற மணிக்கட்டு வரை அளந்து, அதோடு நாலு விரற்கடை கூட்டி வெட்டுங்கள். கம்பளி நூலில் மூன்று இழை பின்னினால் இறுகாது.